அண்ணி பாடிய ட்ராக்

"என்னங்க, இதைக் கேளுங்க. 'இந்தக் குரலை இத்தனை வருஷம் எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்தே?'ன்னு யாரோ எழுதியிருக்கார்."

"இன்னொண்ணு படி."

"'சவரம் பண்ணிக்கிட்டிருந்தவன் பாதி முகத்தோட நின்னு கேட்டேன்.'"

"பாவம், மீதி முகத்தை என்ன பண்ணினாராம்?"

பாடகி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. பாட்டு அன்று விடிகாலையில்தான் வெளியாகியிருந்தது. பல் தேய்க்கும் முன்பே போனை எடுத்துப் பார்த்தவள், கேட்டவர்களின் எண்ணிக்கை கண்ணெதிரிலேயே ஏறுவதைக் கண்டு கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளும் கீபோர்டு வாசிக்கிற அவள் கணவனும் சொந்தமாக வெளியிட்ட முந்தைய பாட்டுகளை உறவுக்காரர்கள் மட்டும்தான் கேட்டார்கள். அதிலும் பாதிப் பேர் கேட்டதாகப் பொய் சொன்னார்கள்.

"இது என்னங்க? 'என் வேன் அக்கா ஞாபகம் வந்து அழுதுட்டேன்'னு ஒரு பொண்ணு எழுதியிருக்கு. நம்ம பாட்டுல வேன் எங்கே வருது?"

"நிலவுன்னு எழுதினா எல்லாரும் நிலவையா நினைக்கிறாங்க? அவங்கவங்களுக்கு என்ன தோணுதோ அது."

"அதுவும் சரிதான்."

சரியில்லை. ஆனால் அது இருவருக்கும் தெரியாது, ஏனென்றால் வெளியான பாட்டை இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலா இருப்பார்கள் என்று தோன்றும். ஒரே பல்லவியை வெட்டி, ஒட்டி, ஏற்றி, இறக்கிக் காது புளித்துப்போனவர்கள் அவர்கள். பாட்டை அனுப்பியதும் அதன் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்பது அந்த வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்தப் பாட்டு ஓடியே ஆகவேண்டும் என்ற நிலையில் அவள் இருந்தாள். அதுவரை அவள் பிழைப்பு, ட்ராக் பாடுவது. ஒரு பெரிய பாடகி இருக்கிறார். அவர் ஒலிப்பதிவுக்கு வருவதற்கு முன்பே மெட்டு தயாராக வேண்டும். வாத்தியக்காரர்கள் வாசிக்க வேண்டும், இயக்குநர் கேட்டுத் தலையாட்ட வேண்டும். அதற்காக யாராவது ஒருத்தி அந்தப் பாட்டை முதலில் பாடிக் கொடுக்க வேண்டும். அந்த ஒருத்தி இவள்தான். பிறகு பெரிய பாடகி வந்து, இவள் பாடியதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, தானும் பாடிவிட்டுப் போவார். இவள் குரலை அழித்துவிடுவார்கள். பெரிய பாடகி எங்கே மூச்சு விடுவார், எந்த எழுத்தில் குழைவார் என்பதெல்லாம் இவளுக்கு அத்துபடி. அதனால்தான் வேலை கிடைத்தது. அதனாலேயே வீட்டில் அவளுக்கு 'ட்ராக்கு' என்று பெயர்.

அந்த வேலையும் இப்போது போய்விட்டது. இசையமைப்பாளர் தன் கட்டைக் குரலில் முணுமுணுத்தால் போதும், கம்ப்யூட்டரே அதைப் பெரிய பாடகியின் குரலாக மாற்றிக் கொடுக்கிறது. "இனிமே கூப்பிட மாட்டோம்மா, தப்பா நினைச்சுக்காதே" என்று ஸ்டூடியோ மேனேஜரே போன் செய்து சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் அவள் கணவனிடம் சொன்னாள், "என் பேர்ல, என் குரல்ல, ஒரு பாட்டாவது நிக்கணும். இல்லேன்னா பாடறதை விட்டுடறேன்."

இப்போது அந்தப் பாட்டு நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் வேன் வந்து நின்றது. நின்றது என்பதைவிட மோதாமல் தப்பித்தது என்று சொல்லலாம். கதவு அறைந்து சாத்தப்பட்டது. வந்தது அண்ணி. கணவனின் அக்கா. அந்த வீட்டிலேயே முன்னறையில் இருந்துகொண்டு பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு நிதானமாக வந்து டீ குடிப்பவள், அன்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கேடி இருக்கே? வெளியே வா!"

"அண்ணி! பாட்டு ஓடுது அண்ணி!"

"ஓடுதாம்ல! நல்லா ஓடுது. என் வேனுக்குள்ளேயே ஓடுது. கடைசி சீட்டுப் பொண்ணு போன்ல போடறா. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், பின்னாடியிருந்து நானே என் குரல்ல 'கைய வெளியே நீட்டாதே'ங்கறேன்! நான் வாயைத் திறக்கலைடி. அப்புறம் யாரு சொன்னது? போட்டேன் பாரு பிரேக்கு, பின்னாடி வந்த ஆளு இறங்கி வந்து என் பாட்டன் வரைக்கும் விசாரிச்சுட்டுப் போனான்."

"என்ன அண்ணி சொல்றீங்க? உங்க குரலா?"

"என்னைக் கேக்கறியா? போட்டுப் பாரு!"

கணவன் போட்டான். வயலின் வந்தது. அது ஒழுங்காகத்தான் வந்தது. பல்லவி தொடங்கவேண்டிய இடத்தில் பாடகி தன்னையறியாமல் மூச்சை இழுத்துக்கொண்டாள், தன் குரலை எதிர்பார்த்து. வந்தது வேறு குரல். கீழ் ஸ்தாயியில், தொண்டை கரகரக்க, அவசரமே இல்லாமல்.

ஏறு ஏறு சீக்கிரம் ஏறு
பையை மடியில வெச்சுக்கோ
கைய வெளியே நீட்டாதே கண்ணு
காத்து கொண்டு போயிடும்

"ஐயோ," என்றான் கணவன்.

உங்க வீடு வந்தாச்சு
வாசல்ல யாரும் நிக்கலையே
இரு இரு, இறங்காதே
யாராச்சும் வரட்டும், இரு

பாட்டு முடியும்வரை மூன்று பேரும் நின்றது நின்றபடியே இருந்தார்கள். பாடகியின் கையில் இருந்த போன் ஒவ்வொரு நொடியும் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அதிர்வும் ஒரு பாராட்டு. அவளுக்குக் கை சுட்டது போல இருந்தது. போனைக் கட்டிலில் போட்டாள்.

"என் குரல் எங்கேங்க?"

கணவன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்தே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

நடந்தது இதுதான். வயலின்காரர் தன் வீட்டிலேயே வாசித்து அனுப்புகிறவர். அவர் வாசிக்க, மெட்டை யாராவது பாடி அனுப்ப வேண்டியிருந்தது. அன்று பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாட்டு வரிகளும் எழுதி வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டே மெட்டை மனப்பாடம் செய்திருந்த அண்ணியை, டீ டம்ளரும் கையுமாகப் பிடித்து, எதிரொலி வராதிருக்கத் துணி அலமாரிக்குள் வைத்திருக்கும் மைக் முன்னால் நிறுத்தினான் தம்பி. "வார்த்தைக்கு எங்கேடா போறது?" என்றாள் அவள். "வாயில வர்றதைப் பாடுக்கா, யாரும் கேக்கப் போறதில்ல" என்றான் அவன். நாள் முழுக்க வாயில் வருவதுதான் அன்றும் வந்தது. பெண்கள் பாடும் மேல் ஸ்தாயி எட்டாமல் கீழேயே பாடிவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். பிறகு பாடகி, நிலவு தொலைந்து போவதைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்த வரிகளை அதே மெட்டில், அழகாக, பிசிறில்லாமல் பாடி முடித்தாள்.

"வயலின் சரியா உக்காருதான்னு பாக்க உன் குரலை ம்யூட் பண்ணிட்டு அக்காவைத் திறந்தேன். திரும்ப மாத்த மறந்துட்டேன். அப்படியே அனுப்பிட்டேன்." அவன் திரும்பவே இல்லை. "ட்ராக்கைத்தான் அனுப்பியிருக்கேன்."

"ட்ராக்கையா?" என்றாள் பாடகி. அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "எனக்கே ஒருத்தங்க ட்ராக் பாடி, அது வெளியே போய், என் குரலை அழிச்சிருக்கீங்க. சபாஷ்."

"ரெண்டு பேரும் அப்புறமா ஒப்பாரி வைங்க," என்றாள் அண்ணி. "முதல்ல அதை எடு."

பாட்டை உலகம் பூராவும் அனுப்பி வைக்கிற கம்பெனிக்குக் கணவன் போன் செய்தான். ஒரு பெண் பேசினாள். மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"வெளியான ஆடியோவை மாத்த முடியாது சார். இதை எடுத்துட்டுப் புதுசாத்தான் போடணும். கேட்டவங்க கணக்கு, கருத்துகள் எல்லாம் போயிடும். எடுத்துடட்டுமா சார்?"

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அண்ணியும் பார்த்தாள். பாடகி கட்டிலில் கிடந்த போனைப் பார்த்தாள். அது இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

"ஒரு நாள் இருக்கட்டுமே அண்ணி."

"எதுக்குடி?"

"சும்மா. ஒரு நாள்."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என் பேர் எங்கேயும் வரக்கூடாது. ஸ்கூல்ல தெரிஞ்சா மானம் போயிடும்" என்று சொல்லிவிட்டு, வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டீ குடிக்கவில்லை.

மறுநாள் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? இதற்கு முன் ட்ராக் பாடக் கூப்பிட்ட இசையமைப்பாளர்களே, "நீயாம்மா? உன்கிட்ட இப்படி ஒரு குரல் இருக்குன்னு சொல்லவே இல்லையே" என்று கேட்டார்கள். "எங்க சார் சொல்ல விட்டீங்க?" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு, அவள் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பிறகு அரங்கக்காரர் கூப்பிட்டார். நகரத்து நடுவில் ஒரு சின்ன அரங்கம் வைத்திருப்பவர். சொந்தப் பாட்டு பாடுகிறவர்களை மட்டுமே மேடை ஏற்றுகிறவர். அங்கே ஒரு முறை பாடிவிட்டால் அடுத்த கதவுகள் தானே திறக்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பாடகி அவருக்குப் பாட்டு அனுப்பி அனுப்பிச் சலித்தவள்.

"அம்மா, வர்ற சனிக்கிழமை ஒரு இடம் காலியாகுது. நீங்க வந்து பாடணும். அந்த வேன் பாட்டோட ஆரம்பிச்சு ஒரு மணி நேரம்."

"வர்றேன் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

போனை வைத்தபோது அண்ணி எதிரில் நின்றுகொண்டிருந்தாள், துவைத்த துணிக் கூடையோடு.

"யாரு?"

"அரங்கத்துலேர்ந்து. என்னைப் பாடக் கூப்பிடறாங்க."

"நான் மேடையெல்லாம் ஏற மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"உங்களை யாரு அண்ணி கூப்பிட்டா?"

"அப்ப அதை யார் பாடப் போறா?"

"நான்தான். என் பேர்லதானே வந்திருக்கு?"

அண்ணி ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அந்த வாய் திறந்து சும்மா மூடியதைத் தம்பி அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தான். கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறினாள், தேவைக்கு அதிகமாகவே.

உண்மையில் அந்தச் சில நாட்களில் அண்ணிக்கு அந்தப் பாட்டு பழகிப்போயிருந்தது. வேனில் பிள்ளைகள் அதைக் கூட்டமாகப் பாடினார்கள். 'இரு இரு இறங்காதே' என்ற இடத்தில் அவளே சொல்வதுபோல் விரலை ஆட்டினார்கள். "இது யாரு பாடினதுன்னு தெரியுமாடா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டாள். "யாரோ பாடகியாம் ஆன்ட்டி, ஆனா அவங்க உங்களை மாதிரியே கத்தறாங்க" என்றான் ஒரு வாண்டு. அவள் அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பாடகி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பகல் முழுக்கச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு ஒரு வித்தை தெரியும். யார் குரலையும் பிடித்துவிடுவாள். பெரிய பாடகியைப் பிடித்தவளுக்கு அண்ணி எம்மாத்திரம்? முதலில் கீழ் ஸ்தாயி. பிறகு அந்தக் கரகரப்பு. பிறகு வரி முடியும் இடத்தில், ஹாரன் அடித்துவிட்டுக் கை எடுப்பதுபோல் சட்டென்று விடுகிற அந்த விடுதல். இடையில் டீ விழுங்கின சின்னச் சத்தம் ஒன்று இருந்தது, அதையும் பிடித்தாள்.

வியாழக்கிழமை பிற்பகல் அண்ணி வேனைக் கழுவிவிட்டு, ஈரக் கையோடு உள்ளே வந்தாள். அலமாரிப் பக்கமிருந்து பாட்டு வந்தது.

"டேய், அந்த எழவை நிறுத்துடா. காலையிலேர்ந்து அதையே கேட்டுக் கேட்டு மண்டை காயுது."

"எதை அக்கா?" என்றான் கூடத்தில் உட்கார்ந்து ஒயரை ஒட்டிக்கொண்டிருந்த தம்பி.

"என் பாட்டைத்தான். போனை நிறுத்து."

"போன் ஓடலையே அக்கா."

அண்ணி நின்றாள். பாட்டு இன்னும் வந்துகொண்டிருந்தது. வாசல்ல யாரும் நிக்கலையே. அவள் போய் அலமாரிக் கதவைப் பிடித்து இழுத்தாள். தொங்குகிற புடவைகளுக்கு நடுவில், கண்ணை மூடிக்கொண்டு, அவளுடைய குரலில், அவளுடைய தம்பி பெண்டாட்டி பாடிக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஈரக் கை கதவிலேயே ஒட்டிக்கொண்டது போல நின்றது.

"என்னடி இது?"

"ப்ராக்டீஸ் அண்ணி."

"யாரை ப்ராக்டீஸ் பண்றே?"

"சனிக்கிழமைக்கு..."

"என்னையா? டீ முழுங்கினதைக்கூட விடலையேடி! நான் செத்துப்போனா பக்கத்துல உக்காந்து என் குரல்ல பேசுவே போலிருக்கே!"

"சத்தம் போடாதீங்க அண்ணி. ஜனங்களுக்கு இந்தக் குரல்தான் வேணும். நீங்க வரமாட்டேங்கறீங்க. நான் வேற என்ன பண்றது?"

"நான் வரமாட்டேன்னு சொன்னா? ஆளு வரமாட்டேன்னா ஆளோட தோலை உரிச்சுப் போட்டுக்கிட்டுப் போவியா?"

"அக்கா, விடுக்கா," என்றான் தம்பி.

"நீ பேசாதே, பொத்தானை அமுக்கத் தெரியாத பய! ஏண்டி, நீ முதல் முதலா ட்ராக் பாடின படத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? உன் பாட்டு வர்ற இடத்துல அந்தப் பெரிய பாடகியம்மா குரல் வந்துது. பக்கத்து சீட்ல மூக்கைச் சிந்திச் சிந்தி என் முந்தானையை நாசம் பண்ணினவ நீ. 'நான் இழுத்த இழுப்பை அப்படியே இழுக்கறாங்க அண்ணி'ன்னே. அதைத்தானேடி நீ இப்போ எனக்குப் பண்றே?"

பாடகி அலமாரியிலிருந்து வெளியே வந்தாள். தோளில் ஒரு புடவைத் தலைப்பு சிக்கிக்கொண்டு கூடவே வந்தது. அதை எடுத்து எறியக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"சரி அண்ணி. உங்களை மாதிரிப் பாடல. என்னை மாதிரியே பாடறேன். போதுமா?"

"பாடு. யார் வேண்டாம்னா?"

அவள் பாடினாள். தன் ஸ்தாயியில், நிலவு வரிகளையே, பிசிறில்லாமல். ஒரு வரி முடிவதற்குள் அண்ணி கையை உயர்த்தினாள்.

"இது அந்தப் பெரியம்மா."

"என்ன?"

"இது நீ இல்ல. அந்தப் பெரியம்மா. ரேடியோவுல கேட்டா அவங்கன்னுதான் சொல்லுவேன்."

பாடகி கணவனைப் பார்த்தாள். அவன் ஒட்டிக்கொண்டிருந்த ஒயரையே பார்த்தான்.

"என்னங்க?"

அவன் ஒயரை இன்னொரு சுற்று சுற்றினான்.

"என்னங்க, சொல்லுங்க. நான் அவங்க மாதிரியா பாடறேன்?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா?"

"நம்ம முதல் பாட்டு வந்தப்பவே ரெண்டு மூணு பேரு எழுதினாங்க. 'இது அவங்க பாடினதுதானே, பேரை ஏன் மாத்திப் போட்டீங்க'ன்னு. நீ பாக்கறதுக்குள்ள அழிச்சுட்டேன்."

"அடப்பாவி," என்றாள் அண்ணி. திட்டுவதுபோல் இல்லை, மூச்சு விடுவதுபோல் வந்தது.

பாடகி கீபோர்டுக்கு எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. காது மட்டும் இரைந்தது. இத்தனை காலம் தன் பேரில் நிற்க வேண்டும் என்று அவள் கொண்டுபோய் நிறுத்தியதெல்லாம் இன்னொருத்தியின் குரலையா? அதைத்தானே இப்போது கம்ப்யூட்டர் சும்மாவே செய்கிறது? ஜனங்கள் அவளைக் கேட்காமல் போனார்கள் என்று நினைத்திருந்தாள். கேட்பதற்கு அவள் அங்கே இருந்திருந்தால்தானே!

"வேற மாதிரிப் பாடிப் பாரேன்," என்றாள் அண்ணி. குரல் தணிந்திருந்தது.

"எப்படி?"

"எனக்கென்னடி தெரியும்? உனக்கு எப்படி வருதோ, அப்படி."

"எனக்கு எப்படி வரும்னு எனக்குத் தெரியலையே அண்ணி."

வெளியே வேனிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் உள்ளே வரை கேட்டது.

"உன் கட்டை என்ன?" என்று கணவன் மெதுவாகக் கேட்டான். பாடுகிற யாரிடமும் முதலில் கேட்கிற கேள்வி அது. எந்தச் சுருதியில் நின்றால் குரல் வலிக்காமல் வருமோ அது அவரவர் கட்டை. பாட வருகிற சின்னப் பிள்ளைகூட அதைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

"ஆறு," என்றாள் அவள் உடனே.

"அது அவங்க கட்டை."

அவள் அவனையே பார்த்தாள்.

"நான் ஸ்டூடியோவுல உனக்கு வாசிச்சப்பவும் ஆறு. வீட்ல வாசிக்கறப்பவும் ஆறு. நான் உன்னைக் கேட்டதே இல்ல. கல்யாணமாகி இத்தனை வருஷம், கேட்டதே இல்ல." அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

அப்போது அவள் எழுந்து போனை எடுத்தாள். "யாருக்குடி?" என்று அண்ணி கேட்பதற்குள் எண்ணை அழுத்திவிட்டாள். அரங்கக்காரர் எடுத்ததும் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சார், சனிக்கிழமை விஷயமா. அந்தப் பாட்டைப் பாடினது நான் இல்ல சார். என் வீட்டுக்காரரோட அக்கா. ட்ராக் குரல் தப்பா வெளியே போயிடுச்சு."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"என்னம்மா சொல்றீங்க? போஸ்டர் அடிச்சாச்சு."

"தெரியும் சார்."

"விளையாடறீங்களா? உங்க போட்டோ போட்டு அடிச்சிருக்கேன்!"

"மெட்டு நாங்க போட்டது. பாடினது அவங்க."

"சரி, அப்ப அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. நீங்க பக்கத்துல நில்லுங்க."

"நான் வரமாட்டேன் சார்!" என்று அண்ணி கூடத்தின் கோடியிலிருந்து கத்தினாள். "எனக்கு மேடையும் வேண்டாம், மாலையும் வேண்டாம். சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ்!"

"இதுவா குரல்?" என்றார் அரங்கக்காரர் அதிர்ந்துபோய். "அதே குரல்தாம்மா! ஐயோ, பேசச் சொல்லுங்கம்மா, பேசினாலே போதும்!"

"வரமாட்டாங்க சார். நான் வேணும்னா வந்து பாடறேன். ஆனா அந்தக் குரல் இருக்காது."

"பின்னே யாரு குரல் இருக்கும்?"

பாடகி உள்ளதைச் சொன்னாள். "தெரியல சார்."

"அப்ப விடுங்க," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, அசதியாகச் சொன்னார். "வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"சரி சார்."

போனை வைத்தாள். எத்தனையோ வருஷம் காத்திருந்த கதவை இரண்டே எழுத்தில் தானே சாத்திவிட்டாள். நின்றபடியே பாட்டின் பக்கத்தைத் திறந்து பாடகி என்று தன் பெயர் இருந்த இடத்தில் அண்ணியின் பெயரை அடித்தாள். அதற்குக் கீழே 'பள்ளி வேன் ஓட்டுநர்' என்று சேர்த்தாள்.

"பேர் போடாதேன்னு சொன்னேனேடி."

"போட்டாச்சு அண்ணி. திட்டணும்னா திட்டுங்க."

அண்ணி திட்டவில்லை. போனை வாங்கிக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு தன் பெயரைப் படித்தாள். படித்துவிட்டு, யாரோ தன்னைப் பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரித் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு ஸ்கூல்ல என்ன சொல்றது?"

"கத்தறது நான்தான்னு சொல்லுங்க," என்றான் தம்பி.

"உன்னைக் கேட்டேனாடா?"

கணவன் கீபோர்டை இழுத்து மடியருகே வைத்துக்கொண்டான். ஆறு கட்டையைத் தொடாமல், அதற்குக் கீழே ஒரு சுருதியைப் பிடித்தான். "சும்மா பாடு. வார்த்தை வேண்டாம்."

அவள் பாடினாள். குரலில் பெரிய பாடகி வந்தார். அண்ணி தலையை ஆட்டினாள், இல்லை என்று. இன்னும் கீழே இறக்கினான். கரகரவென்று அண்ணி வந்தாள். "என்னை விடுடி" என்றாள் அண்ணி. இன்னும் கொஞ்சம் ஏற்றினான், இறக்கினான். தொண்டை அடைத்தது. ஒரு சுருதியில் குரலே வரவில்லை, காற்று மட்டும் வந்தது. அவளுக்குப் பயமாகிவிட்டது.

"போதுங்க. ஒண்ணும் இல்ல உள்ளே."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அவன் பக்கத்துக் கறுப்புக் கட்டையை அழுத்தினான். அவள் நம்பிக்கையில்லாமல், பாட வேண்டுமே என்று, வாயைத் திறந்தாள். ஒரு குரல் வந்தது. அழகான குரல் என்று சொல்ல முடியாது. நடுவில் லேசாக உடைந்தது, உடைந்த இடத்திலேயே நின்றது. எங்கேயும் கேட்டதில்லை. அவளே பயந்துபோய்த் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றுவிட்டது.

கணவனின் விரல் கட்டையிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டான்.

"யாருடி அது?" என்றாள் அண்ணி, ரகசியம்போல.

"தெரியல அண்ணி."

"ஓடிப்போயிடப் போகுது. இன்னொரு தடவை கூப்பிடு பாப்போம்."